அசையாமல் நிற்கத் தெரியாத மாப்பிள்ளை

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்கப் பௌதிகம் நடத்தியவன். ஒளி நேர்கோட்டில் போகும் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருப்பேன்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவேன், ஜெபம் பண்ணுவேன், அது வேறு விஷயம். புளியமரத்தில் எதுவோ தொங்குகிறது, ராத்திரியில் சலங்கைச் சத்தம் கேட்கிறது என்கிற கதையெல்லாம் என்னிடம் எடுபடாது. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இரண்டு பைத்தியக்காரர்கள் வீட்டில் கேமரா செய்த கதையாகவாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது பைத்தியக்காரர் என் தங்கை புருஷன் அற்புதராஜ். இது அறுபதுகளில். கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு சிநேகிதர். ஒரு எக்ஸ்ரே கிளினிக்கில் வேலை. அங்கே தேதி தாண்டிப்போன எக்ஸ்ரே பிலிமைக் குப்பையில் போடுவார்கள், இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். நெஞ்செலும்பைப் பிடிக்கிற பிலிம் மனுஷ முகத்தைப் பிடிக்காதா மச்சான் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். பிடிக்கும் என்று நான் சொன்னேன். அதோடு முடிந்தது என் நிம்மதி. அடுத்த வாரமே மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய லென்ஸைப் பேரம் பேசி வாங்கிவந்துவிட்டார். லென்ஸ் மட்டும்தான். அதற்குப் பின்னால் வரவேண்டிய கேமராவை நாங்கள் செய்தாக வேண்டும்.

பெட்டிக்குத் தேக்குப் பலகை. முன்னும் பின்னும் நீண்டு சுருங்குகிற துருத்திக்கு பம்மலில் தோல் பதனிடுகிற தொட்டியிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அந்த நாற்றம் போகவில்லை. படத்தைச் சரிபார்க்கத் தலைக்கு மேல் போடுகிற கறுப்புத் துணிக்குள் புகுந்தால் செத்த ஆடு ஒன்று உங்களோடு உள்ளே இருக்கிற மாதிரி இருக்கும். பக்கத்துப் பட்டறை மாணிக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இன்னா சார், ரேடியோ பொட்டியா கீது?" என்று கேட்டான். போட்டோ எடுக்கிற பெட்டி என்றதும், "தோடா! கடையில வித்துகினு கீறான், இங்க ஒக்காந்து அறுத்துகினு கீறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். அவன் சொன்னது நியாயம்தான்.

பெட்டி பெரிய காரியமில்லை. பிலிம் வைக்கிற சட்டம்தான் எங்கள் பிராணனை வாங்கியது. முதலில் பிலிமைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துப் பார்த்தோம். ஒரு படம் எடுத்ததும் கேமராவோடு போர்வைக்குள் புகுந்து அடுத்த பிலிமை மாற்ற வேண்டும், வெயில் காலத்தில் வெந்து வெளியே வருவோம். அதனால் தனியாகச் சட்டங்கள் செய்தோம். குழந்தைகள் சிலேட்டு மாதிரி இருக்கும். அற்புதராஜ் அதற்குச் சிலேட்டு என்றே பெயர் வைத்துவிட்டார். ஒவ்வொரு சிலேட்டுக்குள்ளும் ஒரு பிலிம், முன்பக்கம் மேலும் கீழும் நகர்கிற தகர மூடி. சிலேட்டைக் கேமராவின் முதுகில் சொருகி, தகரத்தை உருவிவிட்டு, லென்ஸைத் திறந்து மூடி, தகரத்தைத் திரும்பப் போட்டு, அடுத்த சிலேட்டைச் சொருகலாம். தகரத்தில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் புது பிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது. வெளிச்சம் கசியாமலிருக்க வாயோரத்தில் வெல்வெட் ஒட்ட வேண்டும் என்று என் தங்கையின் கறுப்பு வெல்வெட் ரவிக்கையைக் கேட்காமல் கத்தரித்துவிட்டார். அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, நிச்சயம்தான் ஆகியிருந்தது. வீட்டில் பெரிய ரகளை.

இன்னொரு வேலையும் செய்தார், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலேட்டின் உள்ளோரத்திலும் அரத்தால் வெட்டுப் போட்டார். முதல் சிலேட்டுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு, அப்படி. படத்தைக் கழுவினால் அந்த வெட்டும் பிலிமின் ஓரத்தில் கறுப்பாக விழுந்திருக்கும். எந்தப் படம் எந்தச் சிலேட்டில் எடுத்தது என்று எத்தனை வருஷம் கழித்தும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

லென்ஸுக்கு ஷட்டர் கிடையாது. ஒரு டப்பா மூடிதான். எக்ஸ்ரே பிலிமுக்கு நிழலில் இரண்டு மூன்று நொடியாவது வேண்டும். மூடியைக் கழற்றி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக எண்ணி மூட வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர்கள் கல்லாக நிற்க வேண்டும். எல்லோரும் நின்றார்கள். கைக்குழந்தைகூட நின்றது. இந்த மனுஷர் மட்டும் நிற்க மாட்டார்.

காரணம் என் தங்கை ஸ்டெல்லாவின் நெற்றி. அவளுக்குச் சுருட்டை முடி, எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் ஒரு கற்றை முன்னால் வந்து விழும். கேமராவுக்குப் பின்னால் அற்புதராஜ் நின்றால், மூடியில் கை வைத்துக்கொண்டு, "ஸ்டெல்லா, நெத்தி முடிய ஒதுக்கு" என்பார். அவள் ஒதுக்குவாள், படம் எடுப்பார். சரி. ஆனால் அவரையே அவள் பக்கத்தில் நிற்க வைத்து நான் மூடியைக் கழற்றினாலும், நான் ரெண்டு எண்ணும்போது சட்டென்று அவள் பக்கம் திரும்பி, "நெத்தி முடி, நெத்தி முடி" என்பார். தொலைந்தது. படத்தில் ஸ்டெல்லா சிலை மாதிரி இருப்பாள், பக்கத்தில் சட்டை வேட்டியெல்லாம் தெளிவாக இருக்கும், கழுத்துக்கு மேல் புகை.

கல்யாணத்திலேயே இதைச் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தன் கல்யாணத்தை எவனோ ஒருத்தன் கேமராவில் பிடிப்பதா என்று ஸ்டூடியோக்காரரை வேண்டாமென்றுவிட்டார். மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நிற்கிறார், பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஜோடிப் படத்துக்கு நான் மூடியைக் கழற்றினேன். அங்கேயும் திரும்பிவிட்டார். மணப்பெண், மாலை, பூச்செண்டு எல்லாம் பிரமாதம். மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இடப்பக்கமாக இழுத்துவிட்ட ஒரு தீற்றல். என் அம்மா அதைப் பார்த்து அழுதேவிட்டாள்.

"என் புருஷனுக்கு மூஞ்சியே கெடையாதுண்ணா" என்று ஸ்டெல்லா கிண்டல் செய்வாள்.

"நேர்ல பாக்கறீல்ல, அப்புறம் என்ன? படம் எங்க போயிடப் போவுது, இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்பார் அவர்.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்குக் குடிபோனார்கள், மெர்சி பிறந்தாள், அவள் நடக்கப் பழகியிருந்த சமயம் அவருக்கு ஜுரம் வந்தது. சாதாரண ஜுரம் என்றுதான் நினைத்தோம். மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லி, அதை நாங்கள் புரிந்துகொள்வதற்குள் ஆள் போய்விட்டார். வாசல் சுவரில் சைக்கிளைச் சாய்க்கிறபோதே மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிற மனுஷர். இன்றைக்கும் யாராவது சைக்கிளைச் சுவரில் சாய்த்தால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடும் முன்னால் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது. பெட்டியின் தலைமாட்டை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைப்பார்கள், முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. யாரோ தாம்பரத்துக்கு ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவர சைக்கிளில் கிளம்பினார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா எழுந்து என்னிடம் வந்தாள்.

"வேற யாரும் வேணாண்ணா. அவர் பொட்டியிலயே எடு."

"அம்மாடி, இப்ப போய் என்னால முடியுமா?"

"பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு. நாளைக்கு அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா எதக் காட்டுவேன்? அந்தப் புகையக் காட்டுவேனா? எனக்கு அவர் மூஞ்சி வேணும்ண்ணா. எடு."

அந்த வீட்டுப் பின்கட்டில்தான் படம் கழுவுகிற எங்கள் இருட்டறை, பழைய சாமான் போடுகிற அறைதான், ஜன்னலுக்குப் போர்வை தொங்கும். உள்ளே போய் சிவப்பு விளக்கைப் போட்டு, பிரிக்காத பிலிம் டப்பாவைப் பிரித்து, இரண்டு சிலேட்டில் நானே பிலிம் போட்டேன். அது பிரிக்காத டப்பா, என் கையால் பிரித்தேன் என்று திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் விழுந்திருக்கும் என்று பின்னால் நீங்கள் சொல்லுவீர்கள்.

முற்றத்தில் சாமியானா போட்டிருந்தது. நிழல். பெட்டியின் கால்மாட்டில் கேமராவை நிறுத்தினேன். எல்லோரும் நெருக்கி நின்றார்கள். அவருடைய இடது பக்கம், தலைக்கு வெகு அருகில் ஸ்டெல்லா. அவள் பக்கத்தில் எங்கள் பெரியம்மா. குழந்தையை யாரோ வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். கறுப்புத் துணிக்குள் போய், கேமராவின் முதுகில் இருந்த தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்துக்கு லென்ஸைச் சரி செய்தேன். இன்றைக்காவது ஆடாமல் இருப்பீர்கள் மாப்பிள்ளை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த மாத்திரத்தில் துணிக்குள்ளேயே கேவிக் கேவி அழுதுவிட்டேன். நல்லவேளை, வெளியே தெரியவில்லை.

சிலேட்டைச் சொருகிய பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது. துணியை விட்டு வெளியே வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்துக்கொண்டேதான் மூடியைக் கழற்ற வேண்டும். முதல் சிலேட்டு. கழற்றினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூன்று எண்ணிக்கையும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பேன்? அவர் அசையவில்லை. செத்தவர் எப்படி இருப்பாரோ அப்படி, மேலே பார்த்துக்கொண்டு, கண் மூடி, சாந்தமாக இருந்தார். மூடியைப் போட்டேன்.

போட்ட அந்த க்ஷணத்தில் ஸ்டெல்லா கையைத் தூக்கி நெற்றி முடியை ஒதுக்கினாள். அவசரமில்லாமல், பளிச்சென்று, காதுக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கையை இறக்கினாள். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாருக்குடி! புருஷன் பொட்டியில கெடக்கான், இவளுக்குப் போட்டோவுக்கு அழகு வேண்டிக் கெடக்கு" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அந்த நேரத்தில் யாரிடம் சண்டை போடுவது? இரண்டாவது சிலேட்டைச் சொருகி இன்னொரு படம் எடுத்தேன். போதகர் ஜெபம் பண்ணினார். பெட்டியை மூடினோம்.

கல்லறையிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, சாயங்காலமே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே சொந்தக்காரர்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். தட்டில் இரண்டு பிலிமையும் போட்டு ஆட்ட ஆட்ட, சிவப்பு விளக்கில் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். நெகடிவ் என்பதால் முகமெல்லாம் கறுப்பு, ஒன்றும் பிடிபடவில்லை. காயவைத்துவிட்டு, மறுநாள் அதே அறையில் காகிதத்தில் அச்சுப் போட்டேன்.

இரண்டு வெட்டு விழுந்திருந்த படம் கையில் வந்தது. அருமையாக இருந்தது. அவர் முகம், மீசை, புருவத்தில் இருந்த சின்னத் தழும்புகூட. அப்பாடா, தப்பித்தேன், பாப்பாவுக்கு அப்பா கிடைத்துவிட்டார் என்று சுவரில் சாய்ந்து அழுதேன். அப்புறம் ஒரு வெட்டுப் படத்தை அச்சுப் போட்டேன்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் தெளிவு. பெரியம்மாவின் மூக்குத்தி தெரிகிறது. பெட்டிக்குள் தலையணையின் லேஸ் கண் கண்ணாகத் தெரிகிறது. அவர் நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்த கை, விரல், விரலிடுக்கில் இருந்த பூ, எல்லாம் தெளிவு. முகம் மட்டும் இல்லை. முகம் இருந்த இடத்தில் அவருடைய இடப்பக்கமாக, ஸ்டெல்லா பக்கமாக இழுத்துவிட்ட ஒரு தீற்றல். தலையணைக்குள் புதைந்திருந்த வலது காது மங்கலாக வெளியே தெரிகிறது. ஒரு முகம் திரும்பினால் ஒழிய அந்தக் காது தெரியாது.

படத்தைக் கவிழ்த்துப் போட்டேன். ஆனாலும் நான் வாத்தியார் அல்லவா, யோசித்தேன். பெட்டி ஆடியிருக்குமோ? ஆடியிருந்தால் தலையணையும் ஆடியிருக்கும். ஈ ஓட்ட யாராவது கைக்குட்டையை வீசினார்களோ? கைக்குட்டை காதை எப்படிக் காட்டும்? சிலேட்டில் கோளாறா? அதே சிலேட்டில் மறுநாள் முற்றத்து மாமரத்தை எடுத்துப் பார்த்தேன், இலை இலையாக வந்தது. பிலிம் புதியது. கடைசியில் அந்தக் கல்யாணப் படத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. அதே தீற்றல். அதே சாய்வு.

யாரிடமும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் இதைக் காட்டுவதா? நல்ல படத்தை மட்டும் கொண்டுபோய் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள்.

"மூஞ்சி நல்லா வந்திருக்குண்ணா" என்றாள். அப்புறம், "மொத படம் எங்க?" என்று கேட்டாள்.

"அது சரியா வரலம்மா."

"ஆடிட்டாரா?"

நான் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"நீ எண்ணிட்டு இருக்கறப்பதான் சொன்னாரு. நெத்தி முடிய ஒதுக்குன்னு. எப்பவும் சொல்ற மாதிரிதாண்ணா சொன்னாரு. பெரியம்மா பக்கத்துலதான் நின்னாங்க, அவங்களுக்குக் கேக்கல போல. நான் கைய எடுத்தா படம் கெட்டுப் போயிடுமேன்னு, நீ மூடி போடற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு நின்னேன். அப்புறம்தான் ஒதுக்கினேன்."

அவள் அழவில்லை. என்னவோ பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அந்த முதல் படத்தையும் கொண்டுவரச் சொல்லி வாங்கி, மடித்த புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். சுவரில் மாட்டியது இரண்டாவது படத்தைத்தான். மெர்சி அதைப் பார்த்துத்தான் அப்பாவைத் தெரிந்துகொண்டு வளர்ந்தாள். கேமராவை அதற்கப்புறம் நான் தொடவில்லை, என் வீட்டுப் பரணில் இருக்கிறது, மழைக்காலத்தில் அந்தத் தோல் நாற்றம் கீழே வரைக்கும் வரும்.

சோகத்தில் மனசு ஏதோ சொல்லியிருக்கும், அது காதில் விழுந்த மாதிரி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். படத்துக்கு என்ன சமாதானம் என்று கேட்காதீர்கள், என்னிடம் கிடையாது. ஸ்டெல்லாவும் நானும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் பெருங்களத்தூரில் மெர்சி வீட்டுக்குப் போயிருந்தோம். ஸ்டெல்லாவுக்கு இப்போது பார்வை சுத்தமாகப் போய்விட்டது. முடியும் கொட்டி, இருப்பதை ஒட்ட வெட்டிவிட்டார்கள், நெற்றியில் விழ ஒன்றும் கிடையாது. பால்கனிப் பக்கம் நாற்காலியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெர்சியின் மகள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து, பாட்டிக்குத் தெரியாமல் ஒரு படம் எடுக்கலாம் என்று என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் போனில் சத்தமே வராது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஸ்டெல்லா வலது பக்கமாக லேசாகக் காதைச் சாய்த்தாள். அப்புறம் கையைத் தூக்கி, இல்லாத அந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் சொருகிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பேத்தி போனை இறக்குகிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.